இடமாற்றச் செலவுக்கான வரியை நிறுவனமே ஏற்கும்போது: கிராஸ் அப் கணக்கிடும் முறை

கோயம்புத்தூர்க் கிளையிலிருந்து சென்னைப் பெருங்குடி அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த ஊழியர் ஒருவர், ஜூன் மாதக் கடைசியில் பேரோல் (சம்பளக் கணக்கு) பிரிவின் மேசைமேல் ஒரு பழுப்பு உறையை வைக்கிறார். உள்ளே பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பில், குடும்பத்தோடு வந்த ரயில் டிக்கெட், வீட்டுத் தரகர் கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக் கட்டண ரசீது ஆகியவை இருக்கின்றன. மாற்றல் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ‘இத்தொகைகள் மீதான வருமான வரி நிறுவனத்தின் பொறுப்பு’ என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எழுதியவர் மனிதவளத் துறையில் இருக்கிறார். அதை ரூபாயாக்க வேண்டியவர் பேரோலில் இருக்கிறார்.

ஊழியர் கையில் முழுத் தொகையும் சேர வேண்டுமென்றால், அதற்கான வரியையும் நிறுவனம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அப்படிச் சேர்த்துக் கொடுக்கும் வரித்தொகையும் ஊழியரின் சம்பள வருமானமே என்பதால் அதற்கும் வரி உண்டு. அந்த வரிக்கும் வரி உண்டு. இந்தச் சங்கிலி தீரும் இடத்தில் நிற்கும் மொத்தத் தொகையைக் கண்டுபிடிப்பதைத்தான் பேரோல்காரர்கள் கிராஸ் அப் என்கிறார்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 195ஏ பிரிவும் இதையே சொல்கிறது: வரியைச் செலுத்துபவரே ஏற்பதாக உடன்பாடு இருந்தால், வரி பிடித்தபின் ஒப்புக்கொண்ட நிகரத் தொகை மிஞ்சும் அளவுக்கு வருமானத்தை உயர்த்திக் கணக்கிட வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பிரிவு எண்கள் மாறிவிட்டன. இக்கட்டுரையில் உள்ள பிரிவு, விதி, படிவ எண்கள் பழைய சட்டத்துக்கு உரியவை; விகிதங்களும் வரம்புகளும் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. வேறோர் ஆண்டுக்குக் கணக்கிடுவோர் அந்த ஆண்டின் எண்களை இட்டுக்கொள்ள வேண்டும். கணக்கின் வழி ஒன்றுதான்.

முதலில் உறையைப் பிரியுங்கள்

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் நேராகச் சூத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். உறையில் இருப்பதையெல்லாம் கூட்டி, ஒரு விகிதத்தால் வகுத்து, விடையைச் சம்பளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் நடந்திருந்தது. வரியே இல்லாத மூவர்ஸ் பில்லுக்கும் கிராஸ் அப் செய்து, கட்டத் தேவையில்லாத வரியைக் கட்டி, அதை, ஊழியருக்கு ஆண்டுதோறும் தரும் வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16-இலும் சம்பளமாகக் காட்டியிருந்தார்கள். ஊழியர்களின் கையில் முழுத்தொகை சேர்ந்ததால் ஒருவரும் புகார் சொல்லவில்லை. நட்டம் முழுவதும் நிறுவனத்துக்கு.

ஆகவே ஒவ்வொரு பில்லையும் தனித்தனியே எடுத்து, அதற்கு வரி உண்டா இல்லையா என்று பார்த்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும். 10(14) பிரிவும் 2பிபி விதியும் இடமாற்றத்தின்போது ஏற்படும் பயணச் செலவுக்கான படியை, உண்மையில் செலவான அளவுக்கு, வரியிலிருந்து விலக்குகின்றன. வீட்டுச் சாமான்களைக் கட்டுவதற்கும் ஏற்றி அனுப்புவதற்கும் கொடுக்கும் தொகை இதில் அடங்கும் என்று விதியே விளக்குகிறது. பயண நாட்களில், வழக்கமான பணியிடத்தில் இல்லாததால் ஏற்படும் அன்றாடச் செலவுக்கான படிக்கும் விலக்கு உண்டு. இந்த விலக்குகள் புதிய வரி முறையிலும் (விகிதங்களும் விலக்குகளும் குறைவாக உள்ள தேர்வு; 2025-இன் புதிய சட்டத்தைச் சொல்லவில்லை) தொடர்கின்றன. புதிய முறைக்கு மாறியவருக்கு எந்த விலக்கும் கிடையாது என்று எண்ணி இவற்றுக்கு வரி பிடிப்பது பரவலாகக் காணப்படும் தவறு.

இங்கே இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று ‘உண்மையில் செலவான’ என்பது: பில் இல்லாமல் மொத்தமாக 50,000 ரூபாய் கொடுத்துவிட்டு, அதை இடமாற்றப் படி என்று பெயரிட்டால் மட்டும் விலக்கு வந்துவிடாது. மற்றொன்று ‘இடமாற்றம்’ என்பது: கோயம்புத்தூரில் வேறொரு நிறுவனத்தை விட்டுவிட்டுச் சென்னையில் உங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேருபவருக்கு நீங்கள் கொடுக்கும் மூவர்ஸ் செலவு, உங்கள் பணியில் நேர்ந்த இடமாற்றத்துக்கானது அன்று. புதியவர்களின் உறையை நான் எப்போதும் வரிக்குரியதாகவே வைத்துக் கணக்கிடுகிறேன். பின்னால் அதிகாரியின் கேள்விக்குப் பதில் எழுதுவதைவிட, முன்கூட்டியே கூடுதலாக ஒதுக்கி வைப்பது எளிது.

வரிக்குரிய பக்கத்தில் வருபவை பெரும்பாலும் ஊழியரின் சொந்தக் கடமைகள். தரகுக் கூலி, பள்ளிச் சேர்க்கைக் கட்டணம், கேஸ் இணைப்பு, திரைச்சீலை, பெங்களூரிலிருந்து கார் கொண்டுவருபவராக இருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கும் சாலை வரிக்கும் ஆகும் செலவு, கணக்குக் கேட்காமல் கொடுக்கும் குடியேற்றப் படி ஆகிய எல்லாம் இதில் சேரும். காரை லாரியில் ஏற்றிவந்த கூலியைச் சாமான் கூலியோடு வைப்பது எங்கள் வழக்கம். அதே காரின் சாலை வரி இந்தப் பக்கத்துக்கு வந்துவிடும்.

ஓட்டல் பில்லுக்குத் தனி விதி இருக்கிறது. இடமாற்றத்தின்போது நிறுவனம் ஓட்டலில் தங்க வைத்தால், மொத்தம் 15 நாட்கள் வரை அதற்குச் சலுகை மதிப்பே (நிறுவனம் பணமாக அல்லாமல் தரும் வசதிக்கு வரிக்காகப் போடும் மதிப்பு) கிடையாது. 15 நாளைத் தாண்டினால், தாண்டிய நாட்களுக்குரிய சம்பளத்தில் 24 சதவீதம் அல்லது ஓட்டலுக்குக் கொடுத்த தொகை, இவற்றில் எது குறைவோ அதுதான் மதிப்பு. ஆண்டுச் சம்பளம் 19,25,000 ரூபாய் உள்ள ஒருவர் நாளொன்றுக்கு 4,500 ரூபாய் அறையில் 24 நாட்கள் தங்கினார் என்று கொள்வோம். கூடுதலான 9 நாட்களுக்கு ஓட்டல் வாங்கிய தொகை 40,500 ரூபாய். ஆனால் அந்த 9 நாட்களின் சம்பளத்தில் 24 சதவீதம் 11,392 ரூபாய்தான். வரிக்குரியது இந்த 11,392 மட்டுமே. அறையை நிறுவனம் எடுத்துக் கொடுத்தால்தான் இந்த விதி ஐயமின்றிப் பொருந்தும். ஊழியர் தாமே அறை எடுத்துப் பணம் கட்டிவிட்டுப் பின்னால் பில்லை நீட்டினால், அது நிறுவனம் வழங்கிய தங்குமிடமா, ஊழியரின் செலவை ஈடுசெய்ததா என்ற கேள்வி எழும். மாற்றல் ஆணை வந்த அன்றே ஓட்டலை நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்யச் சொல்லிவிடுங்கள். பேரோல் பிரிவு முன்கூட்டியே சொல்லக்கூடிய ஆலோசனைகளில் இதைவிடப் பணம் மிச்சப்படுத்துவது எதுவும் இல்லை.

சென்னைக்கே உரிய இன்னொன்று வீட்டு அட்வான்ஸ். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனாலும் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வீட்டுக்காரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். 35,000 ரூபாய் வாடகைக்கு 3,50,000 ரூபாய் முன்பணம் என்றால் பலரால் புரட்ட முடியாது. நிறுவனம் வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கும். அந்த அசலுக்கு வரி கிடையாது. கடன் மொத்தம் 20,000 ரூபாயைத் தாண்டுவதால், ஸ்டேட் வங்கி நிதியாண்டின் முதல் நாளில் அதே வகைக் கடனுக்கு வாங்கும் வட்டி விகிதத்தில், மாதந்தோறும் நிலுவையில் உள்ள அதிகபட்சத் தொகைக்குக் கணக்கிட்ட வட்டியே சலுகை மதிப்பு. இதைக் கிராஸ் அப் பட்டியலில் சேர்ப்பதா என்பதை மாற்றல் கடிதம் சொல்ல வேண்டும். கடிதம் மௌனமாக இருந்தால் நிதி இயக்குநரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடித்தள வருமானம்

வரிக்குரிய தொகை கிடைத்ததும், அது எந்த வருமானத்தின்மேல் ஏறி உட்காரப் போகிறது என்று பார்க்க வேண்டும். நிறுவனத்திலிருந்து அந்த நிதியாண்டு முழுவதும் வரப்போகும் சம்பளம், உறுதியான போனஸ், ஏற்கெனவே உள்ள சலுகைகளின் மதிப்பு ஆகியவற்றைக் கூட்டி, சம்பளக்காரர் எல்லோருக்கும் பில் கேட்காமல் கிடைக்கும் நிலைக் கழிவைக் கழித்தால் அடித்தளம் கிடைக்கும். ஊழியரின் பிற வருமானம், அதாவது சொந்த ஊர் வீட்டின் வாடகையோ வைப்புநிதி வட்டியோ இதில் சேராது என்று கொள்கையில் எழுதிவிடுவதே முறை. இல்லையென்றால் ஒருவர் பங்குச் சந்தையில் ஈட்டியதால் உயர்ந்த வரி விகிதத்துக்கும் நிறுவனம் பணம் கட்டிக்கொண்டிருக்கும்.

பழைய வரி முறையில் இருப்பவருக்கு இன்னொரு திருத்தம் தேவை. வீட்டு வாடகைப் படி விலக்கில் அடிப்படைச் சம்பளத்தின் பங்கு கோயம்புத்தூருக்கு 40 சதவீதம், சென்னைக்கு 50 சதவீதம். மாற்றல் நடந்த மாதத்திலிருந்து இந்த உச்சவரம்பு மாறும். கூடவே வாடகையும் உயர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து அடித்தள வருமானத்தைக் குறைக்கக்கூடும். மாற்றலுக்கு முந்தைய அடித்தளத்தையே வைத்துக் கணக்கிட்டால், கிராஸ் அப் தேவைக்கு மேல் போய்விடும்.

ஓர் உறையின் கணக்கு

நம் ஊழியர் புதிய வரி முறையில் இருக்கிறார். ஆண்டுச் சம்பளம் 19,25,000 ரூபாய். 75,000 ரூபாய் நிலைக் கழிவு போக அடித்தளம் 18,50,000 ரூபாய். ஓட்டலில் 14 நாட்கள்தான் தங்கினார். மூவர்ஸ் பில்லும் ரயில் டிக்கெட்டும் விலக்குப் பக்கம் போய்விட்டன. எஞ்சியவை தரகுக் கூலி 35,000, பள்ளிச் சேர்க்கை 80,000, குடியேற்றப் படி 45,000. மொத்தம் 1,60,000 ரூபாய் அவருக்கு நிகரமாகச் சேர வேண்டும்.

2025-26-இல் புதிய முறையின் அடுக்குகள் இவை: 4 லட்சம் வரை வரி இல்லை, அடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் முறையே 5, 10, 15, 20, 25 சதவீதம், 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். வரியின் மேல் 4 சதவீதம் செஸ். ஆகவே 16 முதல் 20 லட்சம் வரையுள்ள அடுக்கில் செஸ் உட்பட விகிதம் 20.8 சதவீதம், 20 முதல் 24 லட்சம் வரை 26 சதவீதம்.

அவர் நிற்கும் 18,50,000-க்கும் அடுக்கின் கூரையான 20,00,000-க்கும் நடுவே 1,50,000 ரூபாய் இடம் இருக்கிறது. இந்த இடத்தை முழுவதும் நிரப்பினால், 20.8 சதவீத வரியான 31,200 போக, 1,18,800 ரூபாய் அவர் கைக்கு வரும். இன்னும் சேர வேண்டியது 1,60,000-இல் 1,18,800 போக 41,200 ரூபாய். இது அடுத்த அடுக்கில் விழுகிறது. அங்கே ஒரு ரூபாய் கொடுத்தால் 74 காசுதான் கையில் நிற்கும். எனவே 41,200-ஐ 0.74-ஆல் வகுத்தால் 55,676 ரூபாய். இரண்டையும் கூட்டினால் கிராஸ் தொகை 2,05,676 ரூபாய். இதில் 45,676 வரி; 1,60,000 நிகரம்.

இதைச் சரிபார்க்க, வரியை இரண்டு முறை முழுமையாகப் போட்டுப் பாருங்கள். 18,50,000-க்கு வரி 1,70,000, செஸ் 6,800, மொத்தம் 1,76,800. 20,55,676-க்கு வரி 2,13,919, செஸ் 8,557, மொத்தம் 2,22,476. வித்தியாசம் 45,676. வருமானத்தைப் பத்து ரூபாய்க்கு முழுமையாக்குவதால் ஓரிரு ரூபாய் விலகலாம். அதற்கு மேல் விலகினால் எங்கோ பிழை இருக்கிறது. இந்த இரட்டைக் கணக்கைப் போடாமல் எந்தக் கிராஸ் அப் தாளிலும் நான் கையெழுத்திடுவதில்லை.

எக்செல் வைத்திருப்பவர்கள் அடுக்குகளைக் கையால் பிரிக்க வேண்டியதில்லை. வரி கணக்கிடும் ஒரு தாளை அமைத்து, ‘கிராஸ் தொகை’ என்ற கட்டத்தை மாற்றினால் ‘நிகரம்’ என்ற கட்டம் மாறும்படி செய்துவிட்டு, கோல் சீக் வசதியில் நிகரம் 1,60,000 ஆகும்வரை கிராஸ் தொகையைத் தேடச் சொன்னால் போதும். சுற்றுச் சுற்றாகவும் போகலாம்: 1,60,000-க்கு வரி 33,800, அந்த 33,800-க்கு 26 சதவீதத்தில் 8,788, அதற்கு 2,285, அதற்கு 594, அதற்கு 154. இப்படியே தேய்ந்துகொண்டுபோய் அதே 45,676-இல் நிற்கும். முதல் சுற்றோடு நிறுத்திவிட்டு 33,800-ஐ மட்டும் சேர்த்துக் கொடுப்பவர்கள், ஊழியரிடமிருந்து 8,788 ரூபாயை அறியாமலே பிடித்துக்கொள்கிறார்கள். ஊழியர் நிற்கும் அடுக்கின் விகிதத்தை மட்டும் எடுத்து 1,60,000-ஐ 0.792-ஆல் வகுப்பவர்களுக்கு 2,02,020 வரும். அப்போதும் கையில் சேருவது 1,57,295 தான், 2,705 குறையும்.

அதே ஊழியர் 24 நாட்கள் ஓட்டலில் தங்கியிருந்தால், முன்பு சொன்ன 11,392 ரூபாய்ச் சலுகை மதிப்பு முதலில் அடித்தளத்தில் ஏற வேண்டும். அடுக்கில் மிச்சமுள்ள இடம் அந்த அளவுக்குச் சுருங்குவதால், அதே 1,60,000 நிகரத்துக்குக் கிராஸ் தொகை 2,06,476 ஆகிவிடும். 800 ரூபாய் பெரிய தொகை அன்று; ஆனால் வரிசையை மாற்றிப் போட்டதால் மட்டும் விளையும் பிழை அது.

12 லட்சத்துப் பள்ளம்

இந்தக் கணக்கில் மிகவும் ஏமாற்றும் இடம், இளம் ஊழியர்களின் சம்பளம் விழும் இடம்தான். புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ தள்ளுபடியால் வரியே இல்லை. 12 லட்சத்தைச் சற்றே தாண்டினால், தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகாதபடி மார்ஜினல் ரிலீஃப் பாதுகாக்கிறது. ஆனால் அதன் பொருளைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்: 12 லட்சத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு ரூபாயும், சுமார் 12,70,588 வரை, அப்படியே வரியாகப் போகிறது, அதன்மேல் செஸ்ஸும் உண்டு. அந்தப் பள்ளத்தில் எவ்வளவு கொட்டினாலும் ஊழியருக்கு ஒரு காசும் மிஞ்சாது.

அடித்தளம் 11,50,000 உள்ள ஒருவருக்கு நிகரம் 1,00,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று கொள்வோம். பழக்கத்தில் 15.6 சதவீதம் என்று எடுத்து 1,18,483 கொடுத்தால், வருமானம் 12,68,483 ஆகும். மார்ஜினல் ரிலீஃப்புக்குப் பின் வரி 68,483, செஸ்ஸோடு 71,222. ஒரு லட்சம் கிடைக்கும் என்று எண்ணியவரின் கையில் 47,261 ரூபாய் நிற்கும். அவர் கணினித் திரையையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். உண்மையான விடை 1,83,175 ரூபாய்: வருமானம் 13,33,175, வரி செஸ்ஸோடு 83,175, நிகரம் 1,00,000. அதாவது ஒரு லட்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க நிறுவனத்துக்கு 83,175 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது. எந்த அடுக்கு விகிதத்தைப் பார்த்தாலும் ஊகிக்க முடியாத எண் இது.

இப்படிப்பட்டவருக்குக் கொள்கையை வளைக்காமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. குடியேற்றப் படி என்று மொத்தமாகக் கொடுப்பதைக் குறைத்து, சாமான் ஏற்றுதல், குடும்பப் பயணம் போன்ற விலக்குள்ள செலவுகளை நிறுவனம் முழுமையாக ஏற்றுக்கொள்ளலாம். செலவு உண்மையாக இருக்க வேண்டும், பில்லும் இருக்க வேண்டும். இல்லாத செலவுக்குப் பில் தேடுவதை இங்கே சொல்லவில்லை. அடித்தளம் 10 லட்சத்துக்கும் 13 லட்சத்துக்கும் நடுவே உள்ள ஊழியர்களின் பட்டியலை, மாற்றல் ஆணைகள் கிளம்பும் முன்பே மனிதவளத் துறைக்குக் கொடுத்துவைப்பது நல்லது. சென்னையில் மாற்றல்கள் பெரும்பாலும் பள்ளி திறப்பதை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில் நடப்பதால், மார்ச்சில் இதைச் செய்யலாம். ஆண்டு வருமானம் 50 லட்சத்தை ஒட்டியிருப்பவர்களுக்குச் சர்சார்ஜ் (உயர் வருமானத்துக்கான கூடுதல் வரி) தொடங்கும் இடத்தில் இதே போன்ற ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கும் கோல் சீக்கைத் தவிர வேறு வழியில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

நிறுவனமே நேரடியாகச் செலுத்தினால்

பணமாகக் கொடுக்காமல் வழங்கும் சலுகைக்கு, உதாரணமாக 15 நாளைத் தாண்டிய ஓட்டல் தங்கலுக்கு, 192(1ஏ) பிரிவின்படி நிறுவனமே தன் கைப்பணத்திலிருந்து வரி கட்டலாம். அவ்வாறு கட்டிய வரி 10(10சிசி) பிரிவின்படி ஊழியருக்கு வருமானம் ஆகாது. ஆகவே வரிக்கு வரி என்ற சங்கிலி இங்கே அறுந்துவிடுகிறது. கேட்பதற்கு மலிவாக இருக்கும் இந்த வழியில் இரண்டு முட்கள் உள்ளன. இப்படிக் கட்டிய வரியை நிறுவனம் தன் வணிகச் செலவாகக் கழிக்க முடியாது. 40-ஆவது பிரிவு தடுக்கிறது. கிராஸ் அப் செய்து சம்பளமாகக் கொடுத்ததற்கு அந்தத் தடை கிடையாது. மேலும், சட்டம் இந்த வரியைச் சராசரி விகிதத்தில் கணக்கிடச் சொல்கிறது. நம் ஊழியரின் 11,392 ரூபாய்ச் சலுகையை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால், சராசரி விகிதம் சுமார் 9.63 சதவீதம், நிறுவனம் கட்டுவது 1,097 ரூபாய். ஆனால் அந்தச் சலுகையால் அவருக்கு ஏறிய வரி 20.8 சதவீதத்தில் 2,370 ரூபாய். இடையில் உள்ள 1,273 அவர் சம்பளத்திலிருந்துதான் பிடிக்கப்படும். முழுவதும் நிறுவனத்தின் பொறுப்பு என்று கடிதம் சொல்லியிருந்தால், இந்த இடைவெளியையும் கிராஸ் அப் செய்து தர வேண்டியிருக்கும்.

2007-இல் ஆர்.பி.எஃப். ரிக் வழக்கில் டெல்லி வருமான வரித் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு, ஊழியரின் வரியை நிறுவனம் அரசுக்கு நேரடியாகச் செலுத்துவது பணமல்லாத சலுகையே என்றும், ஆகவே அந்த வரியின்மேல் மீண்டும் மீண்டும் கிராஸ் அப் தேவையில்லை என்றும் கூறியது. அதை மேற்கோள் காட்டி ஒற்றைச் சுற்றோடு நிறுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஊழியர் கொண்டுவந்த பில்லுக்குப் பணமாக ஈடுகொடுத்து, வரியையும் சம்பளச் சீட்டின் வழியே பிடிக்கும் சாதாரண நடைமுறையில் நான் முழுச் சங்கிலியையே கணக்கிடுகிறேன். வேறு வழியில் போக விரும்பும் நிறுவனம், தன் தணிக்கையாளரின் கருத்தை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு போகட்டும்.

தலைமை அலுவலகத்தின் தாள்

ஓஎம்ஆர் சாலையில் உள்ள அமெரிக்க நிறுவனங்களின் கிளைகளில் இன்னொரு சங்கடம் நேர்கிறது. அமெரிக்காவில் 2018 முதல் ஊழியரின் இடமாற்றச் செலவுக்கு இருந்த வரிவிலக்கு பொதுவாக நீக்கப்பட்டுவிட்டதால், மூவர்ஸ் பில் முதற்கொண்டு எல்லாமே வரிக்குரியது. கூடுதல் ஊதியத்துக்குக் கூட்டரசு வரியாக 22 சதவீதம் என்ற ஒரே விகிதத்தில் பிடித்தம் செய்யும் வழி அங்கு இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தங்களும் சேரும். அதற்கென அமைத்த எக்செல் தாள் சென்னைக்கு வந்து சேரும்போது, அதில் அடுக்கு இல்லை, 87ஏ இல்லை, 15 நாள் ஓட்டல் விதி இல்லை. ‘உலகம் முழுவதும் ஒரே தாள்’ என்று மேலிடம் பிடிவாதமாக இருந்தால், அந்தத் தாளை நிதி ஒதுக்கீட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சம்பளத்துக்கு உள்ளூர்த் தாளையே பயன்படுத்துங்கள்.

சம்பளச் சீட்டிலும் ஆண்டுக் கடைசியிலும்

சம்பளச் சீட்டில் இதை மூன்று தனித்தனி உருப்படிகளாகக் காட்ட வேண்டும்: இடமாற்ற ஈடு 1,60,000, வரி ஈடு 45,676, பிடித்தப் பக்கத்தில் இதற்குரிய டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) 45,676. பேரோல் மென்பொருள்கள் பெரும்பாலும் கூடுதல் வரியை நிதியாண்டின் மீதி மாதங்களுக்குப் பரப்பிவிடும். அப்படி விட்டால், ஜூலைச் சம்பளத்தோடு ஊழியருக்குச் சுமார் இரண்டு லட்சம் வந்து சேரும். ஆகஸ்டு முதல் மார்ச் வரை மாதாமாதம் சுமார் 5,000 ரூபாய் குறையும். அவர் இரண்டு லட்சத்தை மறந்துவிட்டு 5,000 ரூபாயை நினைவில் வைத்துக்கொண்டு, நவம்பரில் ஒருநாள் ‘வரி உங்க பொறுப்புன்னுதானே சார் லெட்டர்ல போட்டிருக்கு, அப்புறம் ஏன் மாசாமாசம் பிடிக்கிறீங்க?’ என்று கேட்பார். தொகையைக் கொடுக்கும் மாதத்திலேயே வரி முழுவதையும் பிடிக்கும்படி மென்பொருளில் ஒருமுறைப் பிடித்தமாக அமைத்துவிட்டால் இந்த உரையாடல் தேவைப்படாது. பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்; மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். சலுகை மதிப்புகள் படிவம் 12பிஏ-இல் இடம்பெற வேண்டும். தொழில் வரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இந்தச் சம்பளத்தில் இருப்பவர் மாநகராட்சியின் உச்ச அடுக்கில் ஏற்கெனவே இருப்பார்.

பிப்ரவரியில் ஒருமுறை திரும்பக் கணக்கிட வேண்டும். ஜூலையில் அடித்தளத்தை 18,50,000 என்று ஊகித்தோம். அக்டோபரில் சம்பள உயர்வு வந்திருக்கலாம், போனஸ் குறைந்திருக்கலாம், ஊழியர் சம்பளமில்லா விடுப்பில் போயிருக்கலாம். புதிய அடித்தளத்தின்மேல் கிராஸ் தொகையை மீண்டும் கண்டுபிடித்து, ஜூலையில் கொடுத்ததற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மார்ச் சம்பளத்தில் சேருங்கள். வித்தியாசத்தை வரியாக மட்டும் பார்த்து நிகரமாகச் சேர்த்தால் மறுபடியும் முதல் சுற்றோடு நிறுத்திய தவறு நேரும். கிராஸ் தொகைக்கும் கிராஸ் தொகைக்கும் இடையேதான் ஒப்பிட வேண்டும்.

கடைசியாக, ஓராண்டுக்குள் வேலையை விட்டால் இடமாற்றத் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை. எவ்வளவு என்பதைக் கடிதம் சொல்லாவிட்டால் சண்டை நிச்சயம். அதே நிதியாண்டுக்குள் விலகினால், 2,05,676 ரூபாய் சம்பளத்தைத் திருப்பி எழுதி, 192(3) பிரிவின்படி வரிப் பிடித்தத்தையும் மீதி மாதங்களில் சரிசெய்ய வழி இருக்கிறது. ஊழியர் உண்மையில் இழப்பது 1,60,000 தான். மார்ச் 31 தாண்டிவிட்டால் 45,676 அரசிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, ஊழியரின் படிவம் 16-இலும் ஏறிவிட்டது. கையில் வராத அந்தப் பணத்தையும் சேர்த்துக் கேட்டால் அவர் மறுப்பார். கேட்காவிட்டால் நிறுவனத்தின் கணக்கில் அது நட்டமாக நிற்கும். அடுத்த மாற்றல் கடிதத்தின் வரைவு உங்கள் மேசைக்கு வரும்போது, ‘வரி நிறுவனத்தின் பொறுப்பு’ என்ற வரிக்குக் கீழே, ‘திருப்பித் தர வேண்டியது நிகரத் தொகை மட்டுமே’ என்றோ ‘வரி ஈடும் சேர்த்து’ என்றோ இரண்டில் ஒன்றைப் பேனாவால் எழுதித் திருப்பி அனுப்புங்கள்.